இடைமறித்துக் கேட்பவர்

நூல் என்பது தனித்திருந்து படிப்பதற்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கடியில் அமர்ந்து, வாய் திறவாமல் கண்ணால் மட்டும் வரிகளைத் தொடர்வதே படிப்பு என்று நாம் பழகிவிட்டோம். வாய்விட்டுப் படிக்கும் பிள்ளையை அடக்கவும் செய்கிறோம். ஆனால் நான்காம் நூற்றாண்டில், மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு நாவசையாமல் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ட புனித அகுஸ்தினார், அதனைத் தம் வாழ்க்கையை அறிக்கையிடும் நூலின் ஆறாம் பாகத்தில் தனியே குறித்து வைக்கிறார். ஆயர் ஏன் அவ்வாறு படித்தார் என்று காரணமும் தேடுகிறார். குரல் கம்மிவிடாமல் காத்துக்கொள்வதற்காக இருக்கலாம். அல்லது, அருகிருந்து கேட்பவர் கடினமான இடத்தில் இடைமறித்து விளக்கம் கேட்பார், அதற்கு விடை சொல்லப் புகுந்தால் படிக்க நினைத்த அளவு படிக்க இயலாது என்பதற்காகவும் இருக்கலாம்.

இந்த இரண்டாவது காரணம் நம் கவனத்துக்குரியது. வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்பார். கேட்டால் ஏடு நகராது. இதனை இடையூறு என்று கொள்வாரும் உண்டு. படிப்பின் பயனே இதுதான் என்று கொள்வாரும் உண்டு. இலக்கிய வட்டம், இலக்கியக் கழகம், வாசகர் மன்றம் என்றெல்லாம் நாம் பெயரிட்டு அழைக்கும் அமைப்புகள், இந்த இடையூற்றை விரும்பி ஏற்றவர்களால் உண்டானவை. அவற்றில் சேர்வதால் என்ன கிடைக்கும் என்று வினவுவோர்க்கு நான் சொல்லக்கூடிய முதல் விடை இதுவே: உங்களை இடைமறித்துக் கேட்க ஒருவர் கிடைப்பார்.

அகுஸ்தினாரும் இந்த இன்பத்தை நன்கு அறிந்தவர்தாம். இளமையில் தமக்கு வாய்த்த நண்பர் குழாத்தைப் பற்றி அதே நூலின் நான்காம் பாகத்தில் எழுதும்போது, கூடிப் பேசியதையும், சிரித்ததையும், இனிய நூல்களைக் கூடிப் படித்ததையும் அடுக்கிச் சொல்கிறார். சில வேளைகளில் கருத்து மாறுபட்டதையும் அந்த இன்பங்களுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகிறார். ஒருவன் தன்னோடு தானே மாறுபடுவது போன்ற, பகையில்லாத மாறுபாடு அது. பின்னர் 386-ஆம் ஆண்டில், திருமுழுக்குப் பெறுவதற்கு முந்திய மாதங்களில், மிலானுக்கு அப்பால் ஒரு நாட்டுப்புற வீட்டில் தாயோடும் மகனோடும் மாணாக்கரோடும் தங்கியிருந்தார். அங்கே மெய்யியல் ஆய்வுக்கு நடுவிலும், நாள்தோறும் இரவுணவுக்கு முன் வெர்ஜிலின் ஏடு ஒன்றில் பாதியைப் படிக்கக் கேட்பது வழக்கமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் உண்மையைத் தேடுவதற்கும் காவியத்தைச் சுவைப்பதற்கும் ஒரே நாளில் இடம் இருந்தது.

தமிழருக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் செய்யுள் செவிக்காகவே பிறந்தது. அரங்கேற்றம் என்னும் சொல்லே கேட்போர் கூட்டத்தை முன்னிறுத்துகிறது. கோவில் மண்டபங்களில் பாரதம் படிக்கப்பட்டதும், இசுலாமியப் பெருமக்கள் கூடிச் சீறாப்புராணம் கேட்டதும், நம் கத்தோலிக்கச் சிற்றூர்களில் இரவெல்லாம் வாசகப்பா நடந்ததும் எழுத்தறியாதவரையும் காவியத்தின் உள்ளே அழைத்துவந்த வழிகள். அச்சுநூல்கள் பெருகிய பின்னர்க் கேட்டவர்கள் படிப்பவர்கள் ஆனார்கள். அது பெரும் பேறு. ஆயினும், கூடியிருந்து சுவைக்கும் வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. படித்தவர்களுக்கு நடுவில் அதனைப் புதிய வடிவில் மீண்டும் தோற்றுவித்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமாயின், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைச் சுட்டலாம்.

டி.கே.சி. 1882-இல் பிறந்து 1954-இல் மறைந்தவர். சட்டம் படித்தவர், சென்னைச் சட்டமன்ற மேலவையிலும் அறநிலையப் பாதுகாப்பு வாரியத்திலும் பொறுப்பு வகித்தவர். எனினும் இன்று அவர் நினைக்கப்படுவது அவற்றால் அன்று. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வாழ்ந்த வீட்டின் முற்றத்தில் 1924-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் கூட்டத்தாலேயே அவர் நிலைத்திருக்கிறார். நடுவில் வானம் திறந்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் உடைய வீட்டுப் பகுதியைத் தொட்டிக்கட்டு என்பது தென்பாண்டி வழக்கு. அங்கே நண்பர்கள் வட்டமாக அமர்ந்தமையால் பெயரும் பொருத்தமாக அமைந்தது. சங்கம் என்றோ சபை என்றோ பெயர் சூட்டாமல் வீட்டின் ஒரு பகுதியையே பெயராக வைத்துக்கொண்டதில் ஓர் அடக்கம் தெரிகிறது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் புலமையை வளர்க்கப் பிறந்தவை. ஏடு தேடவும், நூல் பதிப்பிக்கவும், தேர்வு நடத்தவும் அவை பாடுபட்டன. வட்டத்தொட்டிக்கு அத்தகைய நோக்கம் எதுவும் இல்லை. ஒரு பாடலை நாலுபேர் கூடிச் சுவைப்பது என்பதற்கு மேல் அது எதையும் அறிவித்துக்கொள்ளவில்லை.

அங்கே வந்தவர்களைப் பாருங்கள். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாகிய எஸ். மகராஜன், ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன், அரசு அலுவலராக இருந்துகொண்டே கோவில் கோவிலாகச் சென்று எழுதிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், எழுத்தாளர் மீ. ப. சோமு. இவர்களுள் பெரும்பாலோர் தொழிலால் தமிழ்ப் புலவர் அல்லர். ஆங்கிலக் கல்வி கற்று, அலுவல் பார்த்து, மாலையில் தமிழைத் தேடி வந்தவர்கள். டி.கே.சி. குற்றாலத்தில் குடியமர்ந்த பின்னர் இராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து அந்த வட்டத்தில் கலந்துகொண்டார்கள். வந்தவர்க்கெல்லாம் விருந்து உண்டு. அந்த விருந்தைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். உணவைப் பற்றி எழுதியதைவிடப் பாடலைப் பற்றிக் குறைவாக எழுதியவர்களும் அவர்களுள் உண்டு என்று சொன்னால் யாரும் வருந்தமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வார். நிறுத்தி, நிதானமாக, பொருள் விளங்குமாறு சொற்களைப் பிரித்துக் குரலெடுத்துச் சொல்வார். மீண்டும் சொல்வார், மீண்டும் சொல்வார். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு ஆகியவற்றின்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு உலகறிந்தது. செய்யுளின் பொருளை உரைநடையில் பெயர்த்துச் சொல்லிவிட்டால் செய்யுள் கிடைத்துவிடாது. சொல்லும் ஓசையும் உணர்ச்சியும் ஒன்றாகக் கூடி நிற்கும் அந்த வடிவமே கவிதை என்பது அவர் கொள்கை. பாடல்களைச் சந்தி பிரித்து, வரிகளை மடக்கி, படிப்பவர் நாவுக்கு எளிதாக அச்சிட்டார். இன்று பள்ளிப் பாடநூலிலும் மலிவுப் பதிப்பிலும் நாம் காணும் சீர் பிரித்த செய்யுள், பண்டிதர் பலர் கண்டித்த ஒரு வழக்கத்தின் வெற்றி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அதனால் விளைந்த நன்மை பெரிது. தமிழ்ச் செய்யுள் என்றால் தேர்வுக்கு உரியது, அகராதியோடு அணுக வேண்டியது என்று அஞ்சி ஒதுங்கியிருந்த ஒரு தலைமுறைக்கு, அது தங்கள் சொந்த மொழியே என்பதைச் செவிவழியாகவே அவர் உணர்த்தினார். முத்தொள்ளாயிரத்தைப் பொதுமக்களிடம் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களை ஊரறியச் செய்தவருள் அவர் தலையாயவர். அவர் வட்டத்தில் உருவான மகராஜன், சாகித்திய அகாதெமிக்காகக் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியதும், சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழாக்கியதும் அந்த முற்றத்தில் பெற்ற பயிற்சியின் பலன் என்று கொள்ளலாம். ஒரு வீட்டு முற்றம் ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு நிகராகப் பயன் தந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் திறனாய்வு என்று எழுதப் புகுந்தபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வட்டம் என்பதில் எல்லாப் புள்ளியும் நடுவத்திலிருந்து ஒரே தொலைவில் இருக்கும்; வட்டத்தொட்டியிலும் அவ்வாறே இருந்தது. நடுவில் இருந்தவர் டி.கே.சி. ஒருவரே. வந்தவர்கள் சுவைத்தார்கள், வியந்தார்கள், தலையசைத்தார்கள். அவர்கள் எழுதி வைத்த நினைவுகளைப் படிக்கும்போது, “இந்த இடத்தில் நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பாக இல்லை” என்று ஒருவர் துணிந்து மறுத்ததாக ஒரு காட்சியைக் காண்பது அரிதாக இருக்கிறது. அன்பும் விருந்தும் மிகுந்த இடத்தில் மறுப்புக்கு நா எழுவதில்லை.

இதன் விளைவைக் கம்பன் சுமக்க நேர்ந்தது. கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களோடு நம் கைக்கு வந்திருக்கிறது. அவற்றுள் பிற்காலத்தார் புகுத்தியவை உண்டு என்பதில் அறிஞர்க்கு ஐயமில்லை. ஆனால் எது இடைச்செருகல், எது கம்பன் வாக்கு என்று பிரிப்பதற்கு டி.கே.சி. கொண்ட அளவுகோல் அவருடைய செவி ஒன்றே. தமக்குச் சுவைக்காத பாடல் கம்பனுடையது ஆகாது என்று முடிவு செய்து, பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று வெளியிட்டார். தமக்கு ஒவ்வாத சொற்களை மாற்றியும் பதிப்பித்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அவருடைய நூலை மற்றப் பதிப்புகளோடு அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு அது வெறும் குற்றச்சாட்டு அன்று என்பது விளங்கும்.

இங்கே அதே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எஸ். வையாபுரிப் பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகிய அவர், ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் காண்பதையே தவமாகக் கொண்டவர். தமக்குப் பிடித்தது எது என்று அவர் கேட்பதில்லை. பிரதி என்ன சொல்கிறது என்றே கேட்பார். அவர் கட்டுரைகளில் டி.கே.சி.யின் எழுத்தில் உள்ள ஈரம் இல்லை என்பது உண்மைதான். எனினும், அவர் சார்ந்த பதிப்பு மரபு படிப்பவனுக்கு ஒரு மரியாதை செய்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பிலும், சென்னைக் கம்பன் கழகத்தின் 1976-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஐயத்துக்கிடமான பாடல்கள் மிகைப் பாடல்கள் என்ற பெயரில் தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. அவை அழிக்கப்படவில்லை. ‘இவை கம்பனுடையவை அல்ல என்று கருதுகிறோம், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பதிப்பாசிரியர்கள் நம்மிடமே தருகிறார்கள். இடைமறித்துக் கேட்கும் உரிமையை அவர்கள் படிப்பவனுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். சுவைஞர் அதனை எடுத்துக்கொண்டார்; புலவர் அதனைத் திருப்பித் தந்தார்! ரசனை மென்மையானது, புலமை வறண்டது என்று எளிதாகப் பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

முற்றத்திலிருந்து மேடைக்கு வருவோம். 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தை நிறுவினார். டி.கே.சி.யின் ஆசியும் துணையும் அதற்கு இருந்தன. பங்குனியில் காரைக்குடியிலும், கம்பன் சமாதி உள்ளதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையிலும் கம்பன் விழா எடுக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. ஊர்தோறும் கம்பன் கழகங்கள் தோன்றின. கடல் கடந்தும் தோன்றின. சமயம், கட்சி வேறுபாடு கருதாமல் பேச்சாளர்கள் அழைக்கப்பட்டார்கள். நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு. மு. இஸ்மாயீல், சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கினார். இராமகாதையை ஓர் இசுலாமியப் பெருமகன் கற்றுத் தெளிந்து, அதற்கென ஒரு கழகத்தையும் தலைமையேற்று நடத்தியதைத் தமிழகம் வியப்பாகக் கொள்ளவில்லை, இயல்பாகக் கொண்டது. நம்மவரிடையே ‘அது நம் நூல் அன்று’ என்ற தயக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் சட்டவலிமை இழந்து 1966-உடன் அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பட்டியலில் கம்பன் பெயர் இருந்ததில்லை. நூலைக் கண்டால் முதலில் அனுமதி கேட்கும் பழக்கம்தான் பட்டியலைவிட நீண்ட ஆயுள் பெற்றிருக்கிறது.

கழகங்களின் சேவையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் விழா பெருகப் பெருக நூல் சுருங்கியது என்பதையும் மறைக்க இயலாது. கம்பன் மேடையில் வளர்ந்த பட்டிமன்றம் கற்றாரும் மற்றாரும் கூடிக் கேட்கத்தக்க ஒரு கலையாகத் தொடங்கியது. பரதனா, கும்பகருணனா என்று இரு அணியினர் வழக்காடும்போது, பாடல் சான்றாகக் காட்டப்பட்டது. நாளடைவில் பாடலைவிட நகைச்சுவைக்குக் கைதட்டல் மிகுந்தது. பின்னர்ப் பட்டிமன்றம் கம்பனையே விட்டுவிட்டு மாமியார், மருமகள் வழக்குக்குச் சென்று, பண்டிகை நாளில் தொலைக்காட்சிப் பெட்டியில் குடியேறிவிட்டது. முற்றத்தில் நாற்பது பேர் ஒரு பாடலை நான்கு முறை கேட்டார்கள். மேடையின் முன்னே நாலாயிரம் பேர் நாற்பது பாடல்களை ஒருமுறை கேட்கிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவர் இடைமறித்துக் கேட்க முடியாது. ஒலிபெருக்கி பேச்சாளரிடம் இருக்கிறது.

ஊர்களில் உள்ள சிறு அமைப்புகளும் இதே வழியில் செல்வதைக் காண்கிறோம். தலைவர் ஒருவர், துணைத் தலைவர் மூவர், செயலர், இணைச் செயலர், பொருளாளர் என்று பட்டியல் நீளும். ஆண்டு விழா, மலர் வெளியீடு, பொன்னாடை, பட்டம் வழங்கல் எல்லாம் உண்டு. நூலைக் கையில் வைத்திருப்பவர் எவர் என்று தேடினால், அழைப்பிதழ் அச்சிட்டவர் ஒருவராவது இருக்கலாம்! புதிதாக ஓர் இலக்கிய வட்டத்தில் சேர விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுண்டு. கூட்டத்துக்குச் சென்று, எத்தனை பேர் கையில் நூல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்றும் பாருங்கள்.

தமிழகத்தின் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பல இடங்களில் அது பெயரளவில் இருக்கிறது. சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. எங்கள் பங்கு அமைந்துள்ள ஊரின் கிளை நூலகத்தில் மாதத்துக்கு ஒருமுறை கூடும் வட்டத்தில் நானும் ஓர் உறுப்பினன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தையற்கடை வைத்திருப்பவர் ஒருவர், மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் இருவர், கல்லூரி மாணவர் சிலர், கடலோரக் குடும்பத்திலிருந்து வந்து இப்போது வலை வணிகம் செய்யும் பெரியவர் ஒருவர். தேநீரும் சுண்டலும் நூலகத்துக்கு எதிரே உள்ள கடையிலிருந்து வரும். வட்டத்தொட்டியின் விருந்துக்கு ஈடாகாது என்றாலும் கூட்டத்தைப் பிடித்து வைக்கப் போதுமானது.

அண்மையில் அயோத்தியா காண்டத்துக் கங்கை காண் படலத்தைப் படித்தோம். பரதன் படையோடு கங்கையின் வடகரைக்கு வருகிறான். தென்கரையில் நிற்கும் குகன், இவன் இராமனோடு போரிட வருகிறான் என்று எண்ணிச் சினம் பொங்குகிறான். தன் படையைத் திரட்டுகிறான். பின்னர்ப் பரதனைக் காண்கிறான். கண்ட அளவில் கையிலிருந்த வில் நழுவுகிறது. தமிழாசிரியர் அந்தப் பாடலை இரண்டு முறை அழகாகப் படித்துவிட்டு, பரதனின் துறவுக்கோலம் பகைவனையும் மாற்றிய திறத்தை விளக்கினார். எல்லாரும் தலையசைத்தோம். அடுத்த பாடலுக்குச் செல்லும் வேளையில் வலை வணிகர் குறுக்கிட்டார்.

“சாமி, கங்கை எம்புட்டு அகலம்? இந்தக் கரையில நின்னுக்கிட்டு அந்தக் கரையில நிக்கிறவன் மூஞ்சியில இருக்கிற வருத்தத்தப் பாத்துட முடியுமா? ஆளு நிக்கிறான்னுதான் தெரியும்.”

மாணவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் சற்றே முகம் சுளித்து, இது காவிய மரபு, கணக்குப் பார்க்கலாகாது என்றார். ஆனால் கேட்டவர் கடலை அறிந்தவர். கரையிலிருந்து ஆள் அடையாளம் காண்பது அவர் குடும்பத்துக்கு வாழ்வும் சாவுமாக இருந்த செய்தி. கேள்வியை அவர் விடவில்லை. குகனும் படகோட்டி அல்லவா, அவனுக்கு இது தெரியாதா, என்று மீண்டும் கேட்டார். ஆகவே நூலைத் திறந்து மறுபடியும் பார்த்தோம். குகன் படகேறித் தனியே வடகரைக்குச் செல்வது அடுத்து வரும் பாடல்களில்தான் நடக்கிறது. வில் நழுவும்போது அவன் தென்கரையில்தான் நிற்கிறான். எனவே கேள்வி செல்லும்.

அப்போது செவிலியருள் ஒருவர், அந்தப் பாடலில் எதனை முதலில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள் என்றார். பார்த்தோம். முதலில் மரவுரியாகிய உடை. அடுத்துத் தூசு படிந்த மேனி. அதன் பின்னரே ஒளி இழந்த முகம். கடைசியில், கல்லும் கனியத்தக்க துயரம். தொலைவிலிருந்து காணும்போது முதலில் புலப்படுவது உடையின் நிறமும் வடிவுமே. மேனியின் நிலை புலப்பட இன்னும் அணுக வேண்டும். முகம் தெரிய மேலும் அணுக வேண்டும். உள்ளத்துத் துயரை அறிய எவ்வளவு அணுக வேண்டுமோ! குகன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, பரதனும் அசையவில்லை. ஆனால் பாடல் அடிக்கு அடி ஆற்றைக் கடந்துவிடுகிறது. படகு பின்னால்தான் வருகிறது. குருமடத்தில் இருந்த காலத்திலிருந்து இந்தப் பாடலை நான் படித்துவருகிறேன். மறையுரையில் எடுத்துக்காட்டியும் இருக்கிறேன். அதன் அடிகள் இந்த வரிசையில் நிற்பதன் பொருளை, கங்கையின் அகலத்தைக் கேட்ட ஒருவரும், நோயாளியைத் தொலைவிலிருந்தே பார்த்து நிலையறியும் தொழிலில் இருக்கும் ஒருவரும் சேர்ந்து எனக்குக் காட்டினார்கள். டி.கே.சி. உயிரோடு இருந்திருந்தால் இந்த விளக்கத்தை விரும்பியிருப்பார். அந்தக் கேள்வியை அவர் முற்றத்தில் எவராவது கேட்டிருப்பார்களா என்பதுதான் எனக்கு ஐயம்.

வலை வணிகருக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா மூஞ்சி தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதனை நம் சொந்த நூல்களுக்கும் பொருத்திப் பார்க்கும் கடமை நமக்கு இருக்கிறது. 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காவியம். புனித சூசையப்பரை வளன் என்னும் பெயரால் காவியத் தலைவராக்கிப் பாடியது. நம் விழாக்களில் முனிவரின் பெருமை குறைவின்றிப் பேசப்படுகிறது. எழுத்தைச் சீர்திருத்தினார், சதுரகராதி தொகுத்தார், பரமார்த்த குரு கதை எழுதினார், உரைநடைக்கு வழி வகுத்தார் என்று வரிசையாகச் சொல்கிறோம். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய எத்தனை பேருக்குத் தேம்பாவணியில் ஐந்து பாடல்கள் தெரியும்? நூலைப் போற்றுவதே நூலைப் படிப்பதற்கு மாற்றாக அமைந்துவிட்டது. திருவுருவத்துக்கு மாலை சூட்டுவதுபோல நூலுக்கும் சூட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

கூடிப் படித்தால் என்ன ஆகும்? சில பாடல்கள் நம்மைச் சிலிர்க்கச் செய்யும். சிந்தாமணியிலும் கம்பனிலும் தோய்ந்த ஓர் இத்தாலியரின் செவி எத்துணைத் தமிழ்ச் செவியாகிவிட்டது என்று வியப்போம். அதே வேளையில், சில இடங்களில் வருணனை நீண்டு கதை நின்றுவிடுவதையும், சொற்கட்டு இறுகி ஓசை தடைப்படுவதையும் காண்போம். அதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம்மவர் நூல் என்பதற்காகக் குறையை விழுங்குவதும், பிறர் நூல் என்பதற்காக நிறையை ஒளிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். கம்பனை டி.கே.சி. வெட்டியதுபோல் தேம்பாவணியை வெட்டவும் வேண்டாம். நாம் செய்துவருவதுபோல் பட்டுத் துணியில் சுற்றி வைக்கவும் வேண்டாம். மிகைப் பாடல்களைத் தனியே வைத்துக் காட்டும் பதிப்பாசிரியரைப்போல, பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லி, நூலை மட்டும் முழுமையாக நடுவில் வைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் வாசகர் வட்டத்தில் தேம்பாவணியைப் படிக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தவர் நான் அல்லேன், தமிழாசிரியர்தாம். அவர் சைவர். திருமணத்துக்கு முன்பே நூல் முழுவதையும் ஒருமுறை படித்து முடித்தவர். எங்கள் பங்கைச் சேர்ந்த உறுப்பினர் ஐவருள் அவ்வாறு சொல்லிக்கொள்ளக்கூடியவர் எவரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதில் இப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. முதலாவதாகிய நாட்டுப் படலத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. யூதேயா நாட்டை நெல்விளையும் தமிழ் மருதநிலமாக முனிவர் மாற்றிக் காட்டும் துணிவைக் காணாமல் உள்ளே நுழைவது முறையன்று என்று வாதிடுகிறேன். ஆசிரியரோ, நாடும் நகரமும் கடப்பதற்குள் மாணவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள், வளன் வரும் இடத்திலிருந்து தொடங்கிவிட்டுப் பின்னர் நாட்டுக்குத் திரும்பலாம் என்கிறார். யூதேயாவில் நெல் விளைந்ததா என்று வலை வணிகர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப்படும். நூலகத்தில் இரண்டு படிகளே இருப்பதால் மூன்றாவதைப் பங்கு இல்லத்து அலமாரியிலிருந்து நான் கொண்டுபோவதாக ஏற்பாடு.